மெஷுகாவின் ‘நத்திங்’: 2002 பதிப்பா, 2006 பதிப்பா?

ஆறுகம்பி | 4 மார்ச், இரவு 9.40

நேரடியாகவே கேட்கிறேன். 2002இல் ஸ்வீடன் மெட்டல் குழு மெஷுகா ‘நத்திங்’ ஆல்பத்தைப் போட்டார்கள். 2006இல் அதே ஆல்பத்துக்கு ரிதம் கிட்டாரை எட்டுக் கம்பியில் புதிதாக வாசித்து, மிக்ஸிங்கையும் (ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது) மாஸ்டரிங்கையும் (கடைசி ஒலிச் சீரமைப்பு) திரும்பச் செய்து, ஒரு டிவிடியோடு மறுபடி வெளியிட்டார்கள். செய்தவர்களே திருத்திக் கொடுத்த பிறகு பழையதை ஏன் இன்னும் தலையில் வைத்து ஆடுகிறார்கள்? என் கட்சி இதுதான்: 2006 ஆல்பம், 2002 அதன் டெமோ.

எட்டாங்கம்பி | 4 மார்ச், இரவு 10.55

டெமோ என்பது அநியாயம். அவசரத்தில் செய்தது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இந்தப் பாட்டுகளை எட்டுக் கம்பி கிட்டாரை மனதில் வைத்துத்தான் யோசித்தார்கள். செய்வித்து வாங்கிய மாதிரிக் கிட்டார்கள் சுருதியில் நிற்கவில்லை. கைவசம் இருந்த ஏழு கம்பி இபனெஸ் கிட்டார்களின் கம்பியைத் தளர்த்தி, எட்டாவது கம்பி போக வேண்டிய இடத்துக்கு இறக்கி வாசித்தார்கள். இதற்கு நடுவில் ஓஸ்ஃபெஸ்ட் 2002 சுற்றுப்பயணம் கடைசி நேரத்தில் முடிவானது. மிக்ஸிங்குக்கு இரண்டு நாள், மாஸ்டரிங்குக்கு ஒரு நாள். பந்திக்கு இலை போட்டுவிட்டு உலை வைத்த கதை. ஆகஸ்ட் 6 அன்று ஆல்பம் கடைக்கு வந்தது.

பத்துப் பாட்டு, இரண்டு நாள். ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தால் அதிகம். அந்த நேரத்துக்குள் டிரம், கிட்டார், பேஸ், குரல் நான்கையும் ஒரு நிலையில் வைக்கலாம். அதற்குப் பிறகு வரிக்கு வரி ஒலி அளவை மாற்றும் ஃபேடரை ஏற்றி இறக்குவதற்கு நேரம் ஏது? 2002 பதிப்பில் எல்லாம் ஒரே சுவர் மாதிரி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எட்டாங்கம்பி | 4 மார்ச், இரவு 11.20

தளர்த்தியதால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு கம்பி கிட்டாரின் கடைசிக் கம்பி வழக்கமாக பி என்ற சுரம், 61.7 ஹெர்ட்ஸ். மெஷுகாவின் எட்டாவது கம்பி எஃப், 43.65 ஹெர்ட்ஸ். ஆறு அரைச்சுரம் கீழே. கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. இழுவிசையும் அதே அளவு போய்விடுகிறது, கம்பி கொடிக்கயிறு மாதிரி தொங்கும்.

எட்டாங்கம்பி | 5 மார்ச், காலை 6.50

ராத்திரி எழுதியது தப்பு. அதிர்வெண்தான் 30 சதவீதம் குறைகிறது. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சரிபாதி. .056 அங்குலத் தடிமன் கம்பியை 25.5 அங்குல நீளத்தில் பி சுருதிக்கு ஏற்றினால் ஏறக்குறைய 15 பவுண்டு. அதே கம்பியை எஃப்புக்கு இறக்கினால் ஏழரைக்கும் கீழே.

இனி எட்டுக் கம்பிக் கணக்கு. இபனெஸ் பின்னால் மெஷுகா பெயரில் விற்ற எம்8எம் கிட்டாரில் கம்பி நீளம் 29.4 அங்குலம். நீளமும் வர்க்கமாகத்தான் பேசும்: 25.5இலிருந்து 29.4க்குப் போனாலே அதே கம்பி, அதே சுருதிக்கு மூன்றில் ஒரு பங்கு இழுவிசை கூடிவிடும். கூடவே .070 கம்பி போட்டால் மறுபடி 15 பவுண்டு வந்துவிடுகிறது. தளர்த்தும்போது தொலைத்ததை முழுசாகத் திரும்ப வாங்கியாயிற்று.

2006இல் அவர்கள் திரும்ப வாசித்ததற்கான காரணம் இந்த ஏழரை பவுண்டில் இருக்கிறது.

ஆறுகம்பி | 5 மார்ச், காலை 8.15

அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? தொங்கும் கம்பியில் வாசித்தது தப்பு, முறுக்கான கம்பியில் வாசித்தது சரி. 2006இல் கனம் அதிகம் என்று காதே சொல்கிறதே.

எட்டாங்கம்பி | 5 மார்ச், பகல் 1.05

கனம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அடி ஆழத்தை என்றால் இல்லை. இரண்டு பதிப்பிலும் சுருதி ஒன்றே. இன்னொன்றும் இருக்கிறது. மெட்டல் கிட்டாருக்கு ஊரெல்லாம் வைக்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரின் எல்லை 70 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 43.65 ஹெர்ட்ஸ் அதில் வெளியே வருவதே அரிது. கிட்டாரிலிருந்து நாம் கேட்பது 87, 131, 175 என்று மேலே அடுக்கிய மடங்குகளை. அடிச் சுரத்தை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. மிக்ஸ் செய்பவர் கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் கொடுப்பார்.

முறுக்கான கம்பி கொடுப்பது இரண்டு. ஒன்று, பிக் பட்ட கணத்தில் சுரம் தெளிவாகத் தொடங்கும். இரண்டு, சுருதி நடுங்காது. தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் அது அகலமாக வீசும். வீசும்போது இழுபட்டு, முதல் கணத்தில் சுருதி மேலே ஏறி, பிறகு இறங்கி நிற்கும். அடிப்படை இழுவிசை குறையக் குறைய இந்த ஏற்றம் அதிகம். 2002 கிட்டாரில் ஒவ்வொரு அடியிலும் ஒரு ‘ட்டொய்ங்’ ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

அரைஇடம் | 5 மார்ச், மாலை 6.30

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச வந்து தாளத்தைத் தொடாமல் ஏழரை பவுண்டிலேயே நிற்கிறீர்களே. ஏழரை யாரையும் விடாது போலிருக்கிறது.

‘ரேஷனல் கேஸ்’ பாட்டின் தொடக்கத்தை எடுங்கள். சிம்பல் நாலு நாலாகத் தட்டுகிறது. ஸ்னேர் டிரம் மூன்றாவது தட்டில். இதில் குழப்பமே இல்லை, குழந்தைகூடத் தலையாட்டும். கிட்டாரும் கிக்கும் வேறு கணக்கில் போகின்றன: 25 மாத்திரை நீள ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி). ஒரு தட்டுக்கு நாலு மாத்திரை என்றால் 25 என்பது ஆறு தட்டும் ஒரு மாத்திரையும். ஒவ்வொரு சுற்றும் ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கும்.

பார் என்பது நாலு தட்டு. எட்டு பார், 128 மாத்திரை. இடங்கள் இவை:

முதல் சுற்று: முதல் பார், முதல் தட்டு.
இரண்டாவது: இரண்டாவது பாரில் மூன்றாம் தட்டு தாண்டி ஒரு மாத்திரை.
மூன்றாவது: நாலாவது பாரில் முதல் தட்டு தாண்டி இரண்டு மாத்திரை.
நாலாவது: ஐந்தாவது பாரில் மூன்றாம் தட்டு தாண்டி மூன்று மாத்திரை.
ஐந்தாவது: ஏழாவது பாரில் சரியாக இரண்டாம் தட்டின் மேல்.

ஐந்து சுற்றுக்கு 125. மிச்சம் மூன்று. ஆறாவது சுற்று தொடங்குகிறது, மூன்றே மாத்திரையில் கழுத்தை வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இசை ஆய்வாளர் ஜொனாதன் பீஸ்லாக் 2007இல் ‘மியூசிக் தியரி ஸ்பெக்ட்ரம்’ ஆய்விதழில் மெஷுகாவின் தாளத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த வகைக் கணக்கு பாடத்திட்டம் மாதிரியே ஆகிவிட்டது.

ஆறுகம்பி | 5 மார்ச், மாலை 7.00

128 என்றால் ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம். அப்போ இது நம்ம கோர்வைதானே, கணக்குப் பார்த்துத் தாளத்தில் வந்து முடியும் சொற்கட்டு?

அரைஇடம் | 5 மார்ச், மாலை 7.25

எண்ணிக்கை ஒத்துப்போகும், எண்ணம் ஒத்துப்போகாது. கோர்வையில் அந்த மிச்சம் மூன்றை முதலிலேயே எங்கே வைப்பது என்று தீர்மானித்திருப்பார்கள். எடுப்பில் தள்ளுவார்கள், இல்லாவிட்டால் கார்வையாகப் பிரித்து நடுவில் விடுவார்கள். கடைசி அடி தானாக வந்து சமத்தில் விழும். கேட்பவனுக்கு அதில்தான் சுகம். மெஷுகா கத்தரிக்கோல் வைத்திருக்கிறார்கள். ரிஃப் எந்த நிலையில் இருந்தாலும் பார் முடிந்தால் நறுக். தனி ஆவர்த்தனத்தில் இப்படி வெட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கடக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

குறையாகச் சொல்லவில்லை. வந்து விழும் என்று காத்திருந்தவனை ஏமாற்றுவதுதான் அங்கே விளைவு.

எட்டாங்கம்பி | 5 மார்ச், இரவு 9.10

அரைஇடம் சொன்ன பிறகு எனக்கு ஒன்று உறைக்கிறது. இந்த ரிஃப்புகளில் சுரம் அதிகம் இல்லை. பெரும்பாலும் ஒரே கடைசிக் கம்பி, பக்கத்தில் ஓரிரு சுரம். ரிஃப்பை ரிஃப்பாகக் காட்டுவது எந்த அடி எங்கே விழுகிறது, எங்கே மௌனம் என்பது மட்டும். அப்படிப்பட்ட இசையில் அடியின் தொடக்கம் மழுங்கினால் நஷ்டம் பெரிது. 2006 பதிப்பில் 25ஐ எண்ணுவது எளிது, 2002இல் கடினம். எண்ணிப் படிப்பவர்களுக்கு நான் 2006ஐத்தான் கொடுப்பேன். ஆறுகம்பிக்கு அரை மதிப்பெண்.

ஆறுகம்பி | 5 மார்ச், இரவு 9.14

அரையா!

எட்டாங்கம்பி | 6 மார்ச், காலை 7.30

மற்ற அரை ஏன் இல்லை என்றால், 2006இல் மாறியது கிட்டார் மட்டும் இல்லை. டிரம்மின் ஒலி மாறியது. கிக் இன்னும் கூர்மையாக, டைப்ரைட்டர் மாதிரி சொடுக்குகிறது. ‘நெபுலஸ்’ பாட்டின் வேகம் குறைந்தது. ‘ஒப்சிடியன்’ 2002இல் நாலரை நிமிடத்தில் ஒலி மங்கி முடியும், 2006இல் எட்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு ‘திருத்திய பதிப்பு’ என்றால், எது திருத்தம், எது மனமாற்றம் என்று பிரிக்க முடியாது. கிட்டாரை மட்டும் மாற்றிவிட்டு மீதியை 2002இல் இருந்தபடியே விட்டிருந்தால் உங்கள் கட்சிக்கே நானும் வந்திருப்பேன்.

2002 டிரம்மில் குழுவின் டிரம்மர் டோமாஸ் ஹாக்கேயின் கை பலமும் தளர்வும் கேட்கிறது. அந்த ‘ட்டொய்ங்’ கிட்டாரும் அந்த டிரம்மும் ஒரே அளவுக்கு அழுக்கு. இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன. 2006இல் எல்லாம் அளவெடுத்துத் தைத்தது போல நிற்கிறது.

அரைஇடம் | 6 மார்ச், காலை 8.40

இடையில் 2005 இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ‘கேட்ச் தர்ட்டித்ரீ’ ஆல்பத்தில் டிரம் முழுக்கக் கணினியில் எழுதியது. அதற்குப் பயன்பட்ட ‘டிரம்கிட் ஃப்ரம் ஹெல்’ ஒலித்தொகுப்பில் அடித்தவர் ஹாக்கேயேதான். தன் கையால் அடித்ததைத் துண்டு துண்டாக எடுத்து, தான் அடிக்காத பாட்டில் ஒட்டினார்கள். அந்தக் காதோடு உட்கார்ந்துதான் 2006 வேலையைச் செய்திருக்கிறார்கள். ஒலி ஏன் அப்படி ஆனது என்பதற்கு எட்டுக் கம்பியைவிட இது நல்ல விளக்கம்.

எட்டாங்கம்பி | 6 மார்ச், காலை 9.00

இதை நான் யோசிக்கவில்லை. சரிதான்.

ஆறுகம்பி | 6 மார்ச், இரவு 10.30

வாதம் இருக்கட்டும். 25.5 அங்குல ஏழு கம்பி கிட்டாரை எஃப்புக்கு இறக்க என்ன செய்யவேண்டும்? தடி கம்பி போட்டால் போதுமா?

எட்டாங்கம்பி | 7 மார்ச், காலை 6.20

போடலாம், ஆனால் ‘போதுமா’ என்பதற்கு இல்லை என்றே பதில்.

25.5இல் எஃப்புக்கு 14 பவுண்டாவது வேண்டும் என்றால் .080 கம்பி. 27 அங்குல கிட்டார் என்றால் .074 போதும். கம்பி தடிக்கத் தடிக்க அது கிட்டார் கம்பியாக இல்லாமல் கட்டடத்துக்குப் போடும் கம்பியாக ஆகிவிடும். வளைய மறுக்கும். அதனால் மேல் மடங்குகள் சரியான இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும், சத்தம் தொண்டை கட்டியது போல வரும். நீளம் கூட்டியதற்குப் பதிலாகத் தடிமன் கூட்டியதன் விலை இது. ரிஃப் மட்டும் வாசிக்க ஓடும், 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போகவேண்டாம்.

வேலை வரிசை:

முதலில் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை). .056க்கு வெட்டிய பள்ளத்தில் .080 உட்காராது. மேலே ஏறி நின்றால் முதல் ஃப்ரெட்டுகளில் அழுத்திய சுரம் சுருதி தப்பும். பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் போனால் முதல் ஃப்ரெட்டில் கரகரக்கும், பிறகு நட்டையே மாற்றவேண்டி வரும். அகலம் கம்பியைவிடச் சற்றே கூட இருந்தால் போதும்.

அடுத்தது முறுக்காணி. அதன் துளையில் இந்தத் தடிமன் நுழையாது. கம்பியின் நுனியில் சுற்றுக் கம்பியைக் கழற்றி உள் கம்பியை மட்டும் நுழைப்பார்கள். வெட்டுவதற்கு முன் கம்பியைச் செங்குத்தாக மடக்கி, மடக்குக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே தளர்ந்து கம்பி செத்த சத்தம் கொடுக்கும். புதுக் கம்பி வீண்.

பிறகு சாடில் (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் நகரும் துண்டு). 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் மேலே இருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளவேண்டும். இந்தத் தடிமனில் திருகு முடியும்வரை தள்ளியும் சுரம் மேலேயே நிற்கலாம். சிலர் சாடில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இன்னும் ஒரு மில்லிமீட்டர் பிடுங்குவார்கள். அதுக்கும் மேல் வழி இல்லை.

கழுத்து நேராக இருக்கிறதா என்று உடனே இல்லை, கம்பி ஏற்றிச் சுருதி சேர்த்து ஒரு ராத்திரி விட்ட பிறகு பாருங்கள்.

எட்டாங்கம்பி | 7 மார்ச், காலை 6.45

விட்டுப்போனது: ட்யூனரில் கம்பி அடங்கி நிற்கும்போது எஃப் காட்டினால் போதாது. வாசிக்கும் பலத்தில் அடித்து, அடித்த கணத்தில் எங்கே காட்டுகிறது என்று பார்த்துச் சேர்க்கவேண்டும். நின்ற நிலையில் ஐந்து முதல் பத்து சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ வைத்தால் அடியில் சரியாக வரும். பேஸையும் அதே கிட்டாரோடு ஒத்துப் பார்த்துச் சேருங்கள், தனித்தனி ட்யூனரில் வேண்டாம். இரண்டும் ஒரே சுரத்தில் உட்காரும் இசை இது. பேஸின் திறந்த ஈ 41.2 ஹெர்ட்ஸ், உங்கள் எஃப் அதைவிட அரைச்சுரம்தான் மேலே. நூலிழை விலகினாலும் பேஸும் கிட்டாரும் உரசி ‘வ்வ்வ்’ என்று அலையடிக்கும்.

மௌனத்துக்கு நாய்ஸ் கேட் வேண்டும், அடி இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் கருவி. அதை ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் உள்ள சத்தத்தைக் கேட்டுத் திறக்க விடாதீர்கள். டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கிவிடுவதால் கேட்டுக்கு எது அடி, எது இரைச்சல் என்று தெரியாது. கிட்டாரிலிருந்து நேராக ஒரு கிளை எடுத்து, அந்தச் சுத்தமான சைகையைக் கொண்டு கேட்டைத் திறக்க வையுங்கள். கெயினையும் (டிஸ்டார்ஷன் அளவையும்) மனம் கேட்பதைவிடக் குறைவாக வையுங்கள். இரண்டு கிட்டார் இரண்டு பக்கம் சேர்ந்தால் அந்தக் குறை தெரியாது.

ஆறுகம்பி | 7 மார்ச், பகல் 12.10

‘கட்டடத்துக்குப் போடும் கம்பி’ புரிந்தது. நட்டை ராவுவதற்குக் கை நடுங்குகிறது, அதைக் கடையில் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு கேள்வி. வந்தபோதே இந்த ஆல்பத்தைக் கொண்டாடினார்களா? இல்லை, எல்லாம் பின்னால் கட்டிய கதையா?

எட்டாங்கம்பி | 7 மார்ச், இரவு 9.35

கொஞ்சம் அது, கொஞ்சம் இது. அமெரிக்காவில் பில்போர்டு 200 பட்டியலில் 165ஆம் இடத்தில் நுழைந்தது. ஸ்வீடனின் ஊமியோ நகரிலிருந்து வந்த இப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு, நியூக்ளியர் பிளாஸ்ட் மாதிரி ஒரு மெட்டல் நிறுவனத்துக்கு, அது சின்ன விஷயம் இல்லை. ரோலிங் ஸ்டோன் இதழும் மதிப்புரை போட்டது. 1998இன் ‘கேயாஸ்பியர்’ ஆல்பத்தின் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு இது மாட்டுவண்டியாகப் பட்டிருக்கும். இன்றைக்கு அந்த மெதுநடையைத்தான் எல்லோரும் நகல் எடுக்கிறார்கள்.

பின்விளைவைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றால் கடையைப் பாருங்கள். 2007இல் இபனெஸ் ஆர்ஜி2228 என்று 27 அங்குலத்தில் எட்டுக் கம்பியை எல்லோருக்கும் விற்க ஆரம்பித்தது. அதற்கு முன் எட்டுக் கம்பி வேண்டும் என்றால் செய்வித்துத்தான் வாங்கவேண்டும், செய்வித்தது சுருதியில் நிற்குமா என்பது வேறு விஷயம். அடுத்த சில ஆண்டுகளில் ‘ஜெண்ட்’ என்று ஒரு மெட்டல் வகையே முளைத்தது. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது முறுக்கான கம்பியின் சுத்தமான அடியை. அதாவது 2006இன் சத்தத்தை. வரலாற்றுக் கணக்கில் ஆறுகம்பிக்கு இன்னொரு கால் மதிப்பெண் தரலாம்.

அரைஇடம் | 7 மார்ச், இரவு 10.05

முக்கால் வாங்கியாச்சு. இன்னும் கால் மதிப்பெண்ணுக்கு ‘ஒப்சிடியன்’ என்னிடம் இருக்கிறது. எட்டு நிமிடத்தில் அது எனக்கு வேறு பாட்டு. கனமான ரிஃப் ஒன்றே திரும்பத் திரும்ப, விடாமல். நாலரையில் ஒலி மங்கும்போது, சரி, முடிந்துவிட்டது என்று எழுந்துவிடலாம். எட்டில் எழ முடிவதில்லை. இந்த ஒரு பாட்டில் 2006 பதிப்பையே எடுத்துக்கொள்கிறேன்.

எட்டாங்கம்பி | 7 மார்ச், இரவு 10.20

‘ஒப்சிடியன்’ சரி. ‘நெபுலஸ்’ தரமாட்டேன். வேகம் குறைந்த பிறகு அதில் அடிக்கும் அடிக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டது.

ஆறுகம்பி | 9 மார்ச், மாலை 5.50

‘ரேஷனல் கேஸ்’ எண்ணிப் பார்த்தேன். தகதகிட ஐந்து முறை சொன்னால் 25 என்று வைத்துக்கொண்டு போனேன். மூன்றாவது சுற்றிலேயே வழுக்கிவிடுகிறது. உங்கள் அட்டவணையில் தப்பு இருக்கிறதா?

அரைஇடம் | 9 மார்ச், மாலை 6.15

அட்டவணை சரி. இரண்டு தப்பு உங்களிடம். தகதகிட நீளத்துக்குத்தான் பொருந்தும், ரிஃப்பின் அடிகள் ஐந்தைந்தாகப் பிரிந்து விழாது, அதனால் வாயும் காதும் சண்டை போடும். வாயில் எதுவும் சொல்லாமல் தொடையில் நாலு தட்டுங்கள், சுற்று தொடங்கும் இடத்தை மட்டும் விரலில் பிடியுங்கள்.

இரண்டாவது, நீங்கள் ஸ்னேரை முதல் தட்டாக எடுத்திருப்பீர்கள். எல்லோரும் முதலில் அங்கேதான் விழுவார்கள். ஸ்னேர் மூன்றாவது.

ஆறுகம்பி | 9 மார்ச், மாலை 6.40

ஆமாம். ஸ்னேரிலிருந்துதான் எண்ணினேன்.